சின்ன எர்த்து

சென்ற மாதம் என்னோடு வேலை பார்த்த இளைய பொறியாளர்கள் இரண்டு பேர் வீட்டுக்கு வந்திருந்தார்கள். செக்‌ஷன் ஆபீஸுக்கு வரும் மனுக்களில் பாதி இப்போது மின்சார வண்டிக்காகத்தான் வருகின்றனவாம். அவர்களில் ஒருத்தி கேட்டாள்:

"மேடம், லோடு கூட்டிக் குடுங்கன்னு கேக்காவ, குடுத்துருதோம். மீட்டரப் பாக்கோம், சர்வீஸ் ஒயரப் பாக்கோம். வேற என்ன பாக்கணும்? நம்ம சங்க மலருக்கு ஒரு கட்டுரையா எழுதிக் குடுங்களேன்."

எழுதுகிறேன் என்றேன். உட்கார்ந்தபோது லோடைப் பற்றி ஒரு வரி கூட வரவில்லை. எர்த்தைப் பற்றித்தான் எழுத வருகிறது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஒரே மகள், மீனா. கயத்தாறில் ஒரு நகைக்கடன் நிறுவனத்தில் வேலை பார்க்கிறாள். அங்கேயே ஒரு வீட்டின் மாடியில் வாடகைக்கு இருக்கிறாள். அவளிடம் மின்சார ஸ்கூட்டர் இருக்கிறது. அந்த வீட்டின் கீழ்த்தளத்துச் சுவரில் உள்ள பிளக்கில்தான் அதற்குச் சார்ஜ் போட வேண்டும். நான் கீழே சொல்லப்போகிற எல்லாமே எனக்கு அந்தப் பிளக்கில் போய்த்தான் முடிகிறது. பொதுவான கட்டுரையாக இதை எழுத என்னால் முடியாது.

பாலிடெக்னிக்கில் மின்னியல் படித்தேன். தேர்வு எழுதித் துறையில் சேர்ந்தேன். துணை மின்நிலையத்தில் ரீடிங் எழுதினேன், பிறகு செக்‌ஷனுக்கு வந்தேன். பெண் பொறியாளர் மேற்பார்வையில் கம்பம் ஏற முதலில் தயங்கிய வயர்மேன்கள், பிறகு என்னிடம் சொல்லாமல் ஏறத் தயங்கினார்கள். பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல இவ்வளவுதான். மற்றதெல்லாம் கோவில்பட்டியைச் சுற்றிய கரிசல் காட்டில், தாமோதரன் சாருக்குக் கீழே கற்றுக்கொண்டது.

தாமோதரன் சார் எங்கள் உதவி செயற்பொறியாளர். ஆபீஸ் பேச்சில் ஏ.டி. ஒல்லியான மனிதர். குரலை உயர்த்த மாட்டார், ஆனால் பேச்சில் முள் இருக்கும். ஒருமுறை கம்பத்தில் ஏறப்போன வயர்மேனை நிறுத்தி, "ஏலே, ஏறுறதுக்கு முன்னால உன் பொண்டாட்டிக்குப் போன் போட்டு மத்தியானம் என்ன கொழம்புன்னு கேட்டுக்கோ. அதத் தெரிஞ்சிக்கிட்டவன்தான் பதறாம இறங்கி வருவான்" என்றார். அவனும் போன் போட்டான். "வெஞ்சனமே இல்லங்கா சார்" என்றான். "அப்ப இன்னும் மெதுவா ஏறு" என்றார்.

விபத்து நடந்த இடத்துக்குள் நுழையுமுன் அவர் கைக்கடிகாரத்தையும் மோதிரத்தையும் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானை மாட்டுவார். பிறகு இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வார். கட்டிய கையோடேயே வீட்டைச் சுற்றி வருவார். கை பட்ட இடத்தை எல்லாரும் பார்ப்பார்கள், கால் நின்ற இடத்தை நீ பார் என்பது அவர் எனக்குச் சொன்னது. கால் வழியாகத்தான் கரண்ட் வெளியே போகிறது. வழி இல்லாமல் அது ஒருவரையும் கொல்லாது.

மண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். வீட்டுக்குக் கம்பத்திலிருந்து வருவது இரண்டு கம்பி. ஒன்றில் கரண்ட் வருகிறது, அது பேஸ். மற்றொன்றில் திரும்பிப் போகிறது, அது நியூட்ரல். மூன்றாவதான எர்த்தை வீட்டுக்காரர் தன் மண்ணிலேயே குழாய் இறக்கிப் போட்டுக்கொள்ள வேண்டும். இரும்புச் சாமான்களில் கரண்ட் கசிந்தால் அது மண்ணுக்குள் போய்விடும், ஆளைப் பிடிக்காது. எங்கள் பக்கத்துச் சங்கடம் என்னவென்றால் கரிசல் மண் மழையில் உப்பும், கோடையில் சுருங்கும். ஆனியிலும் ஆடியிலும் கால் நுழையும் அளவுக்கு வெடிக்கும். அப்போது குழாயைச் சுற்றியிருந்த மண் குழாயை விட்டு விலகிவிடும்.

இதைப் பார்க்கத் தாமோதரன் சார், எர்த்தை அளக்கும் மெகர் கருவியை எடுப்பதற்கு முன்னால், வீட்டுக்காரர்களிடம் ஒரு தென்னை விளக்குமாற்றை வாங்குவார். அதிலிருந்து ஓர் ஈர்க்கை உருவி, எர்த்துக் குழாயை ஒட்டி மண்ணில் விடுவார். மண் கெட்டியாக இருந்தால் ஈர்க்கு வளையும். வெடித்திருந்தால் கிணற்றில் வாளி இறங்குவது போல இறங்கும். "பாத்துக்கோம்மா, குழாய் மண்ணத் தொடல. காத்துக்கு எர்த்து போட்டுருக்கான்" என்பார்.

அதனால்தான் எங்கள் ஊர்களில் வேனலில் எர்த்துக் குழிக்கு உப்புக் கரைத்த தண்ணீர் ஊற்றுகிற வழக்கம். "எர்த்துக்குத் தண்ணி காட்டியாச்சா?" என்று வயர்மேன்கள் கேட்பார்கள், மாட்டுக்குக் கேட்பது போல. கேட்பார்களே தவிர, யார் ஊற்றுகிறார்கள்? எர்த்து செத்துக் கிடந்தாலும் பல்பு எரியும், மின்விசிறி ஓடும். கிரைண்டர் சுர்ரென்று பிடித்தால் செருப்புப் போட்டுக்கொண்டு மாவாட்டுவார்கள். இப்படியே பல காலம் ஓடிவிட்டது.

மின்சார வண்டி வந்த பிறகுதான் அது ஓடவில்லை. அந்தச் சார்ஜர் எர்த்து இருக்கிறதா என்று பார்க்கிறது. இல்லையென்றால் சிவப்பு விளக்கைப் போட்டுவிட்டு நின்றுவிடுகிறது. நாங்கள் ஊர் ஊராகச் சொல்லியும் கேட்காததை அந்தச் சின்னப் பெட்டி கேட்க வைக்கும் என்று நான் சந்தோஷப்பட்டேன். அதற்கும் எங்கள் ஆட்கள் வைத்தியம் கண்டுபிடிப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

நான் பணியில் இருந்த கடைசி ஆடி மாதம். கயத்தாறுக்கும் கடம்பூருக்கும் நடுவே ஒரு சிறிய ஊர். காலையில் போன் வந்தது. அங்கன்வாடியில் வேலை பார்த்த செல்வி என்ற பெண், சார்ஜ் போட்டிருந்த ஸ்கூட்டரைத் தொட்டு இறந்துவிட்டாள். நான் போய்ச் சேர்ந்தபோது ஆடிக் காற்று தகரங்களைத் தூக்கி அடித்துக்கொண்டிருந்தது. அவளைத் தூக்கி வீட்டுக்குள் படுக்க வைத்திருந்தார்கள். வண்டி வாசலிலேயே ஸ்டாண்டு போட்டு நின்றது. வாசல் தெளித்த ஈரம் நிழலில் இன்னும் காயவில்லை. கோலப்பொடிக் கிண்ணம் படியில் இருந்தது.

அவள் கணவன் ராமர் ஆடு வைத்திருப்பவர். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். யார் கேட்டாலும் ஒரே வாக்கியத்தைத்தான் சொன்னார்.

"கரண்டு இல்லம்மா. ஃபேன் நின்னு போச்சு. கரண்டு போயிட்டுன்னுதான் வண்டியக் கழத்தப் போனா. இல்லாத கரண்டு எப்படிம்மா அடிக்கும்?"

செல்வியின் அண்ணன்மார் இரண்டு பேர் வந்திருந்தார்கள். அவர்களுக்கும் அதே வாக்கியம்தான் கிடைத்தது, அதை வேறு மாதிரி பிடித்துக்கொண்டார்கள்.

"கேட்டியளா சார், கரண்டே இல்லன்னு அவனே சொல்லுதான்" என்று மூத்தவர் சப் இன்ஸ்பெக்டரிடம் கத்தினார். "அப்ப என் தங்கச்சி எதுல செத்தா? அவன் வாயால வரட்டும்!"

பக்கத்து வீட்டில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. அந்த வீட்டுக்காரர் காலையிலிருந்து கரண்ட் போகவே இல்லை என்றார். இது ராமருக்கு எதிராகப் போயிற்று. சப் இன்ஸ்பெக்டர் அவரைத் தனியாக உட்கார வைத்துவிட்டார்.

எங்கள் வயர்மேன் கம்பத்தைப் பார்த்துவிட்டு என்னிடம் ஓடி வந்தார். "மேடம், நியூட்ரல் ஜாயிண்ட் விட்டுருக்கு. காத்துல அறுந்துருக்கு. ரெண்டு நிமிசம், முறுக்கி விட்டுருதேன்."

அப்போது தாமோதரன் சார் ஜீப்பிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார். கடிகாரம் ஏற்கெனவே பைக்குள் போய்விட்டது. "தொடாத" என்றார். "அத நீ சேத்தேன்னா இந்த வீடு நல்ல வீடாயிரும். இந்தப் பிள்ள எதுல செத்தான்னு யாருக்கும் தெரியாமப் போயிரும்."

இதை இளையவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். பழுதைச் சரிசெய்வது நம் கையில் ஊறிய பழக்கம். விபத்து நடந்த வீட்டில் அந்தப் பழக்கம் சாட்சியை அழித்துவிடும்.

அவர் வாசலில் அவள் கால் நின்ற ஈரத்தைப் பார்த்தார். வீட்டுக்குள் சுவிட்சுகளை யாராவது தொட்டார்களா என்று கேட்டார். இல்லை என்றார்கள். ஃபேன் சுவிட்ச் போட்டபடியே இருந்தது, ஃபேன் ஓடவில்லை. பிறகு டெஸ்ட் லாம்பு கேட்டார். ஒரு பல்பு, இரண்டு ஒயர், அவ்வளவுதான். ஒரு முனையைப் பக்கத்து வீட்டு ஆழ்துளைக் கிணற்றின் இரும்புக் குழாயில் கட்டச் சொன்னார்; ஆழத்து ஈரத்தில் நிற்கும் அதுதான் அங்கே நல்ல எர்த்து. ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு இன்னொரு முனையை நானே வண்டியின் பின்பக்கக் கம்பியில் வைத்தேன்.

பல்பு மங்கலாக எரிந்தது.

அங்கே நின்றவர்கள் எல்லாரும் ஒரு எட்டுப் பின்னால் போனார்கள். வீட்டுக்குள் ஒரு விளக்கும் எரியவில்லை, சார்ஜரிலும் வெளிச்சமில்லை. வண்டியில் வைத்த பல்பு மட்டும் எரிந்தது. "இப்ப ஃபேன் சுவிட்ச அமத்து" என்றார் சார். வயர்மேன் உள்ளே போய் அணைத்தார். பல்பு அணைந்தது. போடச் சொன்னார், எரிந்தது. சப் இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றிவிட்டார்.

நான் பிளக்குப் பெட்டியைத் திறந்தேன். எர்த்து முனையிலிருந்து நியூட்ரல் முனைக்கு விரல் நீளத்தில் ஒரு பச்சை ஒயர். சுத்தமான வேலை, முறுக்கு கூட அழகாக இருந்தது. நியூட்ரல் நன்றாக இருக்கும்வரை அந்த ஒயரால் ஒன்றும் ஆகாது. சார்ஜர் அதையே எர்த்து என்று நம்பிப் பச்சை விளக்குப் போடும். டெஸ்டர் வைத்தாலும் எரியாது. கம்பத்தில் நியூட்ரல் அறுந்ததும் கதை மாறிவிடுகிறது. பேஸில் வந்த கரண்ட் ஃபேன் வழியாக நியூட்ரலுக்கு வந்து, திரும்பிப் போக வழி இல்லாமல், அந்தப் பச்சை ஒயரில் ஏறி வண்டியின் இரும்பில் வந்து நிற்கிறது. திரும்பும் வழி இல்லாததால் வீட்டில் எதுவும் ஓடாது. வீடே செத்துக் கிடக்கும், வண்டிக்கு மட்டும் உயிர் இருக்கும். செல்வி வெறுங்காலோடு ஈரத்தில் நின்று அதைத் தொட்டாள்.

அந்த வீட்டு எர்த்துக் குழியில் சார் ஈர்க்கை விட்டார். அது முழுவதும் இறங்கி, நுனி கையில் நின்றது.

ராமர் எழுந்து வந்து பெட்டிக்குள் பார்த்தார். "அது சின்ன எர்த்தும்மா" என்றார்.

அந்த வார்த்தையை அன்றுதான் முதன்முதலில் கேட்டேன். "யாரு வச்சது?"

"முத்துராஜ் அண்ணாச்சி. கடம்பூர்ல இருக்காவ. வண்டி வாங்கின புதுசுல நல்லா ஏறிச்சு. வேனல் வந்ததும் செவப்பு லைட்டு. எர்த்துக்குத் தண்ணி ஊத்துன்னாவ. குடிக்கவே தண்ணி வாரத்துக்கு ஒருக்க வருது. கம்பிக்கு ஊத்தவா? அதான் அண்ணாச்சிட்ட கேட்டேன். தண்ணி வேண்டாம், சின்ன எர்த்து போட்டுக்கிடலாம்னாவ. போட்டதும் பச்ச எரிஞ்சிட்டு." அவளைப் படுக்க வைத்திருந்த பக்கம் திரும்பிப் பார்த்தார். "நான்தாம்மா போடச் சொன்னேன். அவ வேண்டாம், நான் அங்கன்வாடியில போட்டுக்கிடுதேன்னு சொன்னா."

கத்திக்கொண்டிருந்த அண்ணன் போய்ச் சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். ராமர் குற்றமற்றவர் என்று நாங்கள் நிரூபித்திருந்தோம். அதனால் அவருக்கு என்ன கிடைத்தது என்பதை அவர் முகத்தில் பார்த்தேன். இன்றும் அது என் கண்ணை விட்டுப் போகவில்லை.

மத்தியானம் முத்துராஜைப் பார்க்கப் போனோம். கெட்டவராக இருப்பார் என்று எதிர்பார்த்துப் போனேன். அவர் கடையில் மூன்று பேர் காத்திருந்தார்கள், ஒரு வயதானவரின் மிக்சியைக் காசு வாங்காமல் சரிசெய்து கொடுத்துக்கொண்டிருந்தார். செல்வி இறந்தது அவருக்குத் தெரிந்திருந்தது. தன் ஒயரால் என்று தெரியவில்லை. சொன்னதும் நம்பவில்லை.

"சார், நானும் கொஞ்சம் படிச்சவன்தான். டிரான்ஸ்பார்மர்ல நியூட்ரலும் எர்த்தும் ஒண்ணாத்தான கட்டிருக்கு? நீங்கதான கட்டிருக்கிய? அங்கன ஒண்ணா இருக்கது இங்கன ஒண்ணா இருந்தா என்ன தப்பு?"

"அங்கனைக்கும் இங்கனைக்கும் நடுவுல ஒரு கம்பி இருக்கு அண்ணாச்சி" என்றார் தாமோதரன் சார். "ஆடிக் காத்துக்கு அது அறும்னு எனக்குத் தெரியும், ஒமக்குத் தெரியும். அந்தப் பிள்ளைக்குத் தெரியாது."

முத்துராஜ் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார். எத்தனை வீட்டில் இப்படிப் போட்டிருக்கிறார் என்று கேட்டேன்.

"கணக்கு இல்ல மேடம். வண்டி வாங்கினவுக எல்லாரும் வந்தாவ. நான் ஒருத்தன் மட்டுமா போடுதேன்? என்னப் பாத்துக் கயத்தாத்துலயும் போட ஆரம்பிச்சிட்டானுவ."

கயத்தாறு என்ற சொல் விழுந்ததும் மீனாவின் வண்டி கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. அவளுக்குப் போன் போட்டேன். வேலை நேரத்தில் அவள் எடுக்க மாட்டாள். 'வீட்டுக்குப் போனாலும் வண்டியைச் சார்ஜில் போடாதே' என்று செய்தி அனுப்பினேன். அதை அவள் பார்க்கவில்லை.

மிச்ச நேரம் வீடு வீடாகப் போனோம். உங்கள் வீட்டில் எர்த்து இருக்கிறதா என்று கேட்டால் எல்லாரும் இருக்கிறது என்றார்கள். கேள்வியை மாற்றினேன்: சார்ஜரில் சிவப்பு லைட் எரிந்ததா? அப்போதுதான் வந்தது. "எரிஞ்சிச்சு மேடம், சின்ன எர்த்து போட்டதும் சரியாயிட்டு" என்று ஓர் அம்மா பெருமையாகச் சொன்னார். என்ன வார்த்தை அது! பெரிய எர்த்து என்று ஒன்று இருப்பது போலவும், வசதி இல்லாதவர்களுக்கு இது போதும் என்பது போலவும். எர்த்தையும் நியூட்ரலையும் சேர்த்து லூப் அடித்தேன் என்று சொல்லியிருந்தால் யாராவது ஒருவராவது பயந்திருப்பார்கள். சின்ன எர்த்து என்றதும் பெற்ற பிள்ளை மாதிரி வீட்டுக்குள் எடுத்துக்கொண்டார்கள்.

ஒயரைக் கழற்றினால் சண்டைக்கு வந்தார்கள். "அப்ப நான் வேலைக்கு எப்படிப் போவேன், நீங்க தூக்கிட்டுப் போவியளா?" என்றான் ஓர் இளைஞன். அவன் கேட்டதில் நியாயம் இருந்தது. கழற்றிய கையோடு குழி தோண்டி, வெடிக்காத செவல் மண் நிரப்பி, குழாய் மாற்றிக் கொடுக்க எங்களிடம் ஆளும் இல்லை, அதிகாரமும் இல்லை. வீட்டுக்குள் இருக்கிற எர்த்து வீட்டுக்காரர் பாடு.

சாயங்காலம் ஜீப்பில் திரும்பும்போது மீனா போனை எடுத்தாள். அவளிடம் செல்வியைப் பற்றிச் சொல்லவில்லை. "ஒன் சார்ஜர்ல எப்பவாவது செவப்பு லைட் எரிஞ்சிச்சா?" என்று மட்டும் கேட்டேன்.

"அத ஏன் கேக்க? ஆனி மாசமே எரிஞ்சுதும்மா. வீட்டுக்கார அண்ணாச்சி ஒரு ஆளக் கூட்டியாந்து சின்ன எர்த்து போட்டுக் குடுத்துட்டாவ. ஒங்கிட்ட சொன்னா நீ பெரிய மெகர எடுத்துக்கிட்டு வந்துருவன்னுதான் சொல்லல."

"இப்ப வண்டி எங்க நிக்கி?"

"கீழ, சார்ஜ்ல. இப்பதான் போட்டேன். ஆனா கரண்டு போயிட்டும்மா. காத்துல எங்கயோ போயிருக்கும். போய்ப் பிளக்கக் கழத்திட்டு வரணும். இரு, படியில இறங்குதேன்."

"இறங்காத! அங்கனயே நில்லு!"

ஜீப் ஓட்டுநர் திடுக்கிட்டு வண்டியை நிறுத்திவிட்டார். தாமோதரன் சார் திரும்பிப் பார்த்தார்.

"ஏம்மா கத்துத?"

"எதுத்த வீட்டப் பாரு. அங்க லைட் எரியுதா?"

"எதுக்கு..."

"எரியுதா இல்லையா? பாத்துச் சொல்லு!"

அவள் ஜன்னலுக்கு நடந்து போகும் சத்தம் கேட்டது. கொண்டி மாட்டியிருந்தது போல, அதைத் தட்டினாள். அந்தச் சின்ன நேரத்தில் நான் என்னவெல்லாம் வேண்டிக்கொண்டேன் என்று இப்போது எழுத வெட்கமாக இருக்கிறது. என் பணிக்காலம் முழுவதும் ஊருக்கு வெளிச்சம் வர வேண்டும் என்று ஓடியவள், அன்றைக்கு ஒரு தெருவே இருட்டாக இருக்க வேண்டும் என்று கேட்டேன்.

"இல்லம்மா. தெருவுல எங்கயுமே இல்ல. கடைக்காரவுக கூட மெழுகுவர்த்தி ஏத்துதாவ."

ஊர் முழுக்கப் போயிருந்தால் அது லைன் பழுது. உன் வீட்டில் மட்டும் போயிருந்தால்தான் எமன். இளையவர்களே, மனு கொண்டு வருகிற ஒவ்வொருவரிடமும் இந்த ஒரு வாக்கியத்தையாவது சொல்லி அனுப்புங்கள்: பக்கத்து வீட்டில் விளக்கு எரிந்து உங்கள் வீட்டில் எரியவில்லை என்றால், வண்டியையும் இரும்பையும் தொடாதீர்கள், செருப்புப் போட்டுக்கொண்டு மெயினை அணையுங்கள், பிறகு எங்களைக் கூப்பிடுங்கள்.

மீனாவை அன்று மாடியை விட்டு இறங்க விடவில்லை. மறுநாள் காலை கயத்தாறுக்குப் போய் மெயினை அணைத்து, பெட்டியைத் திறந்து அந்த ஒயரை வெட்டி எடுத்தேன். இங்கேயும் பச்சை ஒயர்தான், முறுக்கு மட்டும் கோணலாக இருந்தது. வீட்டுக்கார அண்ணாச்சி பல்லில் குச்சியோடு நின்று பார்த்தார்.

"ஒங்களுக்குத் தெரியாததா மேடம்? ஆனா ஊரெல்லாம் போட்டிருக்காவ. ஒருத்தருக்கு ஆயிப்போச்சுன்னு எல்லாரும் பயந்தா முடியுமா? எத்தன பேரு பஸ்ஸுல அடிபடுதான், பஸ்ஸு ஓடாம இருக்கா?"

"புது எர்த்து போட்டுக் குடுங்க. ஆளு நான் அனுப்புதேன்."

"தளத்தப் பேக்கவா? டைல்ஸ் போட்டு ஒரு வருசம் கூட ஆகல." சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

மீனா என்னைத் தெருமுனைக்குக் கூட்டிப் போய்ச் சத்தம் போட்டாள். "ஒனக்கென்ன, நீ சண்டை போட்டுட்டுப் பஸ் ஏறிருவ. தனியா இருக்க பொம்பளப் பிள்ளைக்கு இங்க எவன்மா வீடு குடுக்கான்? எத்தன வீடு ஏறி இறங்கி இது கெடச்சுது தெரியுமா?" கடைசியில் ஆபீஸில் சார்ஜ் போட்டுக்கொள்வதாக ஒத்துக்கொண்டாள். மேலாளரிடம் கெஞ்சித்தான் அதுவும் நடந்தது.

அதற்குப் பிறகு என்னால் வேலை பார்க்க முடியவில்லை. புது இணைப்பு மனு ஒவ்வொன்றையும் கையெழுத்துப் போடாமல் எடுத்துக்கொண்டு வீட்டுக்கே போவேன். வீட்டுக்காரர் எர்த்து இருக்கிறது என்பார். எந்த எர்த்து என்று கேட்பேன். குழாயைப் பார்க்க வேண்டும் என்பேன். ஒரு மனுவுக்கு ஒரு நாள் ஆயிற்று. புகார்கள் குவிந்தன. தாமோதரன் சார் ஓய்வு பெற்றுப் போன பின் வந்தவர், "மேடம், ஒங்க வேலை மீட்டரோட முடிஞ்சிரும்" என்றார். விதிப்படி அவர் சொன்னது சரி. விருப்ப ஓய்வுக்கு எழுதிக் கொடுத்தேன். எனக்கு இன்னும் வயது இருந்தது. உடன் இருந்தவர்கள் வருத்தப்பட்டார்கள், கொஞ்சம் நிம்மதியும் அடைந்தார்கள் என்று நினைக்கிறேன்.

இந்தக் கட்டுரையை நேற்றே முடித்திருக்க வேண்டும். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. மூன்று நாளாக விடாமல் பெய்து கரிசலின் வெடிப்பெல்லாம் மூடிவிட்டது. மேலே உள்ளதை எழுதி எடுத்துவைத்தபோது மீனா பேசினாள். குரலில் சந்தோஷம் இருந்தது.

"அம்மா, ஒரு நல்ல சேதி. சும்மா இன்னிக்கு வீட்டுல சொருகிப் பாத்தேன். பச்ச எரியுது! ஏறுதும்மா. இனிமே அந்த மேனேஜர்ட்ட போய் நிக்க வேண்டாம்."

"அண்ணாச்சி எதுவும் ஆளு வச்சுப் பாத்தாவளா?"

"எனக்குத் தெரியாது. காலைல நான் ஆபீஸ் போனப்புறம் யாரோ வந்தான்னு பக்கத்து வீட்டுல சொன்னாவ. மோட்டார் பாக்க வந்திருப்பான். ஏன்?"

மழைக்கு மண் ஊறிக் குழாயைக் கவ்விப் பிடித்திருந்தால் பச்சை எரியும். அது உண்மையான எர்த்து, வேனல் வரும்வரை பயமில்லை. யாரோ வந்து பெட்டியைத் திறந்து ஒரு துண்டு ஒயரைச் சொருகிவிட்டுப் போயிருந்தாலும் பச்சைதான் எரியும். சார்ஜருக்கு இரண்டும் ஒன்றுதான். அங்கே வெளியே காற்று வீசும் சத்தம் போனில் எனக்குக் கேட்டது.

"மீனா, நாளைக்குக் காலைல நான் வந்து பெட்டியத் திறந்து பாக்குதேன். அதுவரைக்கும் அந்த வண்டியத் தொடாத. கேக்குதா? விரல் கூடப் படக்கூடாது."

அவள் சிரித்தாள்.

"நல்லாச் சொன்ன போ. மழையில நனஞ்சு வந்து, செருப்பக் கழத்திப் போட்டுட்டு, அது மேல உக்காந்துதான் இவ்வளவு நேரமா ஒங்கிட்டப் பேசிக்கிட்டு இருக்கேன்."